கடைசி நொடி யார் கையில்?

கேள்வி: கூடைப்பந்தில் கடைசி நொடியில் எறிந்த பந்து செல்லுமா, செல்லாதா என்று மூன்று நடுவர்களில் யார் சொல்வது?

பதில்: அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில், நேரக்காப்பாளர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்தான். அரங்கமே வளையத்தைப் பார்க்கும். அவர் பார்க்க வேண்டியது எறிபவரின் விரல் நுனியை. மணி ஒலிக்குமுன் பந்து கையை விட்டிருந்தால் போதும், காற்றில் மிதந்தாலும் கணக்கில் சேரும்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில், 2002 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம். முதல் பாதி முடிவில், மணிக்குப் பிறகு லேக்கர்ஸ் அணியின் சமாகி வாக்கர் எறிந்த பந்துக்கு 3 புள்ளி கிடைத்தது. எதிரணியான சாக்ரமென்டோ தோற்றதோ ஒரே புள்ளியில்! அடுத்த சீசனிலேயே வீடியோ மறுபார்வை வந்துவிட்டது.

பள்ளித் திடலில் அந்த வசதி ஏது? கடைசி நொடியில் யார் முடிவு சொல்வது என்று ஆட்டத்துக்கு முன்பே மூவரும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பது ஆறு கண்களாக இருக்கலாம். தீர்ப்பு ஒரு கையிலிருந்துதான் வர வேண்டும்.