செங்கல் தொடாத படிப்பு

எடின்பரோ,
டிசம்பர் 12.

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில், "ஏலே, அங்க என்னதாம்ல சொல்லித் தாராங்க?" என்று கேட்டீர்கள். உடனே லைன் கட்டாகிவிட்டது அல்லவா? கட்டானது லைன் இல்லை. பதில் தெரியாமல் நான்தான் வைத்தேன். பாதிப் பணம் நீங்கள் போட்ட படிப்பு, கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்து மூன்று மாதமாகிறது, இன்னும் ஒரு செங்கல்லைத் தொடவில்லை. கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எதையும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருஷத்தில் 180 கிரெடிட். எட்டுப் பாடத்துக்கு 120, கடைசியில் ஆய்வேட்டுக்கு 60. பாடங்கள் எல்லாம் ஒப்பந்தம், திட்டமிடல், செலவு, ஆபத்துக் கணக்கு என்று போகின்றன. வகுப்பில் ஒரு பெண் வக்கீலுக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். கட்டட வேலைக்கு வக்கீல் எதற்கு என்று முதல் வாரம் நினைத்தேன். ஒப்பந்தப் பாடம் நாலு வகுப்பு போனபிறகு அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருகிறேன். (அத்தையிடம் இந்த வரியைப் படித்துக்காட்ட வேண்டாம்.)

"அப்போ நீ இஞ்சினியர் இல்லையா?" என்று அத்தை கேட்டாள். சிவில் இஞ்சினியர் உத்தரம் எத்தனை அங்குலம் என்று சொல்வான். அதற்குக் கம்பி என்றைக்கு வரும், வராவிட்டால் யார் தலையில் விடியும், அதைச் சொல்லும் கடுதாசி எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று சொல்வது இந்தப் படிப்பு.

திட்டமிடலில் கிரிட்டிக்கல் பாத் என்று ஒன்று. 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி வேலைக்காகக் கெல்லி, வாக்கர் என்று இருவர் கண்டுபிடித்தது. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் வீடே ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளின் சங்கிலிதான் அது. நம் வீடு கட்டும்போது ஆசாரி நிலைவாசலைக் கொண்டுவராமல் மூன்று வாரம் இழுத்தாரே, அவர் அந்தச் சங்கிலியில் இருந்தார். பெயிண்டர் மாமியார் ஊர்க் கொடைக்குப் போய்ப் பத்து நாள் வரவில்லையே, அவருக்கு ஃப்ளோட், அதாவது பிந்திக்கொள்ளச் சலுகை நாள், இருந்தது. நீங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரித் திட்டினீர்கள். பாடத்தின்படி பெயிண்டரைத் திட்டியது தப்பு.

இதற்கு அசைன்மென்டாக நம் வீட்டையே எடுத்துக்கொண்டேன். பிரைமவேரா மென்பொருளில் வேலை நாள், வேலை நேரம் எல்லாம் நாமே போடலாம். ராகு காலத்தையும் போட்டுப் பார்த்தேன், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. வேலை ஒன்பது மணிக்கு ஆரம்பம் என்றால் திங்கட்கிழமை நஷ்டமே இல்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தோடு கழிந்துவிடும். வெள்ளிக்கிழமைதான் பத்தரைக்கு வந்து நடுவில் உட்கார்ந்து கெடுக்கிறது. கணக்குப்படி கிரகப்பிரவேசம் ஆடி இருபதில் விழுந்தது. ஆவணிக்குத் தள்ளினேன். தள்ளியதும் எல்லா வேலைக்கும் ஒரு மாதம் சலுகை கிடைத்து, கிரிட்டிக்கல் பாத்தே காணாமல் போய்விட்டது! "இந்த ஒரு மாத இடைவெளி மழைக்காலமா?" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தார். "கிட்டத்தட்ட" என்று பதில் எழுதினேன்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றே முக்கால் மணிக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நாம் கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம், இங்கே போர்வை போர்த்துகிறார்கள். உறைபனி பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து கான்கிரீட் கெட்டுவிடுமாம். எனக்குக் கிடைத்த கம்பளியைவிட அது கனமாக இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் உங்களுக்கு முக்கியமானது. இந்த ஊரில் ஹோலிரூட் என்ற இடத்தில் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கக் காசு கிடையாது, ஆகவே நான் மூன்று தடவை போய்விட்டேன். 1997இல் இதற்கு அரசாங்கம் சொன்ன மதிப்பு 1 கோடியிலிருந்து 4 கோடி பவுன். 2004இல், மூன்று வருஷம் பிந்தி முடிந்தபோது, ஏறக்குறைய 41 கோடி. வரைபடம் முடிவதற்குள் வேலையை ஆரம்பித்தார்கள். கட்ட வேண்டிய பரப்பு கூடிக்கொண்டே போனது. நடுவில், 2000இல், கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயெஸ் இறந்துபோனார். ஃபிரேசர் பிரபு தலைமையில் விசாரணை வைத்தார்கள். வில்லன் என்று தனியாக ஒருவரைக் காட்ட முடியாது என்று சொன்ன அவர், வேலையை விட்ட முறையைக் கடுமையாகக் குறை சொன்னார். அந்த முறையின் பெயர் என்ன தெரியுமா? கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட். நான் படிக்கிற படிப்பின் பெயரேதான்! வகுப்பில் இதைக் கேட்டதும் கட்டிய ஃபீஸை நினைத்துக்கொண்டேன்.

அந்த முறை இதுதான்: மொத்தமாக ஒரு காண்ட்ராக்டரிடம் விடாமல், வீட்டுக்காரரே கொத்து, மரம், கரண்ட், பைப் என்று தனித்தனியாக ஆள் பேசிக்கொள்வது. மேலே நின்று பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம். விலை ஏறினால் வீட்டுக்காரர் பாடு. மாமா, ரிட்டையர்டு சார்வாள் வீடு நினைவுக்கு வருகிறதா? பன்னிரண்டு லட்சத்தில் ஆரம்பித்தது. சாயங்காலம் அவர் வீட்டு டீச்சரம்மா வரும்போதெல்லாம் ஒரு அலமாரி, ஒரு ஜன்னல், கடைசியில் மாடியில் பூஜை ரூமே கூடியது. முடிந்தபோது இருபத்தேழு. நீங்கள் கூலிக்கு நின்றவர், பழி உங்களுக்கு. ஹோலிரூட்டுக்கு ஒரு பிரபு வர வேண்டியிருந்தது. உங்களுக்கு அத்தையே விசாரணைக் கமிஷன், ஒரே ராத்திரியில் தீர்ப்பு.

ஆனால் ஒன்று. கூடுதல் வேலையைத் தாளில் எழுதி, விலை போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கரண்டியைத் தொட வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். உங்களிடம் அந்தப் பழக்கம் இருந்திருந்தால், பூஜை ரூமுக்கு வர வேண்டிய பணம் வந்திருக்கும். "சாமி காரியம், எழுதிக் கேட்டா நல்லாருக்காது" என்று விட்டீர்கள். சாமி இன்னும் தரவில்லை.

ஆய்வேடு இந்தக் கூடுதல் வேலைக் கணக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உங்கள் அட்டை கிழிந்த நோட்டை, பென்சில் கணக்கு அழிவதற்குள், ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் அத்தையின் சீட்டுக் கணக்கு நாலு பக்கம் இருக்கும், அது வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: பெயிண்டரைப் பார்த்தால் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள். ஆசாரியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.