காலி எடை எவ்வளவுங் மாமா?

நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோடு போகும் சாலையோரம் ஓர் எடை மேடை. ராத்திரி ஒன்பதரை. மக்காச்சோளம் ஏற்றிய பத்துச் சக்கர வண்டி ஒன்று மேடையில் நிற்கிறது. டிரைவர் டீக்கடைக்குப் போய்விட்டார். வண்டியின் ஓனர், வயது 56, கேபினில் இருந்து இறங்குகிறார். முதலில் ஒரு கால், பிறகு ஒரு பெருமூச்சு, அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு 'முருகா', கடைசியாக இன்னொரு கால். கண்ணாடிக் கூண்டுக்குள் அவருடைய அக்கா மகன். 14 மாதத்தில் 14 கிலோ குறைத்தவர். அதை ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருக்க முடியாதவர். இரண்டு பேர் மேலும் எனக்கு அனுதாபம் உண்டு.

லாரிக்காரர்: என்ன காட்டுது மாப்ளே?

எடைக்காரர்: 28,410ங் மாமா.

லாரிக்காரர்: பாத்தியா! 28,500-க்கு 90 கிலோ உள்ளயே நிக்குது. எம்பட வண்டியில ஒரு மூட்டை எச்சா ஏறாதுடா. ஏத்துனா என்ன ஆகும்? ஸ்பிரிங் பட்டை உடையும், டயரு வெடிக்கும், தொப்பூர் எறக்கத்துல பிரேக் நிக்காது. சட்டப்படி 20,000 ரூவா அபராதம். அதுக்கு மேல எச்சா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

எடைக்காரர்: நீங்க எறங்கறதுக்கு முன்னால 28,520 காட்டுச்சுங்.

லாரிக்காரர்: ...

எடைக்காரர்: சரக்கு அளவாத்தான் இருக்குதுங் மாமா. ஓவர்லோடு சரக்குல இல்ல.

லாரிக்காரர்: உம்பட மேடைல கோளாறு. நான் 104 தான்.

எடைக்காரர்: எப்பப் போட்ட எடைங்?

லாரிக்காரர்: நம்ம சின்னவ கண்ணாலத்துக்கு முன்னால.

எடைக்காரர்: சின்னவளோட ரெண்டாவது பையன் பள்ளிக்கூடம் போறானுங்.

லாரிக்காரர்: சரி, 110-ன்னே வெச்சுக்கோ. அதனால என்ன கெட்டுப்போச்சு? 2018-ல அரசாங்கமே பத்துச் சக்கர வண்டிக்கு 25 டன்னுன்னு இருந்ததை 28.5-ன்னு ஏத்திக் குடுத்துச்சு. உங்க டாக்டருங்க மட்டும் வருசா வருசம் கொறைக்கறாங்க.

எடைக்காரர்: ஆமாங் மாமா, கொறைச்சுத்தான் இருக்காங்க. எடையை உயரத்தோட வர்க்கத்துல வகுத்து ஒரு எண் சொல்றாங்க இல்லீங்களா? வெள்ளைக்காரனுக்கு 25 தாண்டுனா எடை எச்சு. நமக்கு 23-லயே அந்தக் கோடு. 25 தாண்டுனா பருமன்னே எழுதிருவாங்க. உங்களுக்குப் போட்டுப் பாத்தேன், 39 வருது.

லாரிக்காரர்: இதென்னடா ஓரவஞ்சனை? அவனுக்கு ஒரு பெர்மிட்டு, எனக்கு ஒரு பெர்மிட்டா?

எடைக்காரர்: சேசிஸ் வேறங் மாமா. நம்ம ஆளுங்களுக்குக் கொழுப்பு போயிச் சேர்ற எடம் வயிறு. குடலைச் சுத்தியும் கல்லீரலுக்குள்ளயும் குடியேறுது. அதனால கொஞ்சூண்டு எடைக்கே சர்க்கரை வந்துருது. ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டப்படாது. உங்க இடுப்பு எத்தனைங்?

லாரிக்காரர்: வேட்டிக்கு ஏதுடா சைசு?

(இந்தப் பதிலில் இருக்கும் தத்துவத்தை வாசகர் கவனிக்க வேண்டும். பேண்ட் போடுகிறவனுக்கு வருசம் ஒருமுறை தையல்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார். வேட்டி நாலு முழம் எப்போதும் நாலு முழம்தான். கட்டுகிறவரைக் காட்டிக் கொடுக்காது. ஒட்டிக்கோ வேட்டி வந்த பிறகு முடிச்சு கூடச் சாட்சிக்கு இல்லை.)

லாரிக்காரர்: நீ எளைச்சு என்னத்தக் கண்டே? கண்ணாலத்துல எடுத்த சட்டை தொளதொளன்னு தொங்குது. போன வாரம் ஒறம்பரை வூட்டு விசேசத்துல நாலு பேரு என்னையக் கேட்டாங்க: 'உங்க மாப்ளைக்குச் சர்க்கரையா? கடன் வெசனமா?' தொப்பை இருந்தா பேங்க்காரன் நம்பிக் கடன் குடுப்பான். உன்னையப் பாத்தா அவனே நூறு ரூவா கையில குடுப்பான்.

எடைக்காரர்: அதே கேள்விய எங்கிட்டயும் கேட்டாங்க. குண்டா இருந்த வரைக்கும் ஒருத்தரும் என்ன சீக்குன்னு கேக்கலைங். எளைச்சதும்தான் ஊரே கைநாடி பாக்குது. நான் ஒண்ணும் நூத்துல ஒருத்தனா குண்டா இருக்கலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல நம்ம தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுக்குள்ள ஆம்பளைங்க நூத்துக்கு 37 பேரு, பொம்பளைங்க நூத்துக்கு 40 பேரு எடை எச்சு.

லாரிக்காரர்: அப்ப மெஜாரிட்டிய நெருங்கிட்டோம். நீதான் எதிர்க்கட்சி.

எடைக்காரர்: திருச்செங்கோட்டு மலைப் படி கடைசியா எப்ப ஏறுனீங்?

லாரிக்காரர்: 1,200 படிய எதுக்குடா ஏறோணும்? கார் போறதுக்கு ரோடு போட்டிருக்குதே. அர்த்தநாரீசுவரர் டிரைவரையும் சேத்துத்தான் ஆசீர்வாதம் பண்றாரு.

எடைக்காரர்: முட்டி வலிக்குதுன்னு சொல்ல மாட்டீங்களே! ஒரு கிலோ எடை எறங்குனா, எடுத்து வெக்கற ஒவ்வொரு எட்டுக்கும் முட்டி மேல 4 கிலோ பாரம் எறங்குதுங். தேஞ்ச முட்டிக்காரங்களை நடக்க வெச்சு அளந்தே சொல்லியிருக்காங்க. 10 கிலோ எறக்குனா எட்டுக்கு 40 கிலோ. நம்ம வூட்டுல இருந்து டீக்கடைக்கு எத்தனை எட்டு? நீங்களே பெருக்கிப் பாருங்.

லாரிக்காரர்: டீக்கடைக்கு புல்லட்டுலதான் போவேன்.

எடைக்காரர்: 2023 நவம்பர்ல மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டருக்கு நடைபாதை திறந்தாங்களே, 'நடப்போம் நலம் பெறுவோம்'னு?

லாரிக்காரர்: அதையும் புல்லட்டுலதான் போயிப் பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்குது.

எடைக்காரர்: சரி, ராத்திரித் தூக்கம்?

லாரிக்காரர்: அதுல கொறையே இல்ல. படுத்தாத் தூங்கிருவேன். உட்கார்ந்தாலும் தூங்கிருவேன்.

எடைக்காரர்: அதுதானுங் சீக்கு. அத்தை சொன்னாங்க: கொறட்டை டாப் கியர்ல போயிட்டே இருக்குமாம், திடீர்னு இஞ்சின் ஆஃப், அரை நிமிசம் மூச்சே இருக்காதாம். அப்புறம் 'கொர்'னு மறுபடி ஸ்டார்ட் ஆகுமாம். கழுத்துக் கொழுப்பு மூச்சுக் கொழாயை அமுக்குது. ராத்திரி பூரா அரைத் தூக்கம், அதான் பகல்ல சொக்குது. போன மாசம் பெங்களூர் போயிட்டு வர்றப்ப தொப்பூர்ல...

லாரிக்காரர்: அதை உங்க அத்தைகிட்டச் சொல்லாதே.

எடைக்காரர்: அத்தைதான் எங்கிட்டச் சொன்னாங்க. முன் சீட்டுல அவங்கதான இருந்தாங்க?

லாரிக்காரர்: (சற்று நேரம் மேடையையே பார்த்துவிட்டு) முட்டை ஊருல பொறந்துட்டு முட்டை திங்காம இருக்கச் சொல்றியா?

எடைக்காரர்: முட்டைய ஆரு குத்தம் சொன்னா? ஒரு முட்டைல 6 கிராம் புரதம். தாராளமாத் தின்னுங்க. முட்டைக்கு அடியில நாலு புரோட்டா, பக்கத்துல பள்ளிப்பாளையம் சிக்கன், அதுக்கப்புறம் பேக்கரில தேங்காய் பன்னு. கணக்கு எழுதறப்ப மட்டும் 'ராத்திரி முட்டை தின்னேன்'. இது லோடுச் சீட்டுல பொய் எழுதற மாதிரி இருக்குதுங்.

லாரிக்காரர்: நீ மட்டும் சேலத்துல தட்டுவடை செட்டைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவியோ?

எடைக்காரர்: ஒரு செட்டு தின்னுட்டு நடந்துருவேன். வாட்ச்சுல 10,000 எட்டு காட்டற வரைக்கும் தூங்க மாட்டேன். போன வாரம் 9,600-ல நின்னுருச்சு. நடுராத்திரி இந்த மேடையச் சுத்திச் சுத்தி வந்தேன். திருடன்னு நெனைச்சு நாய் துரத்துச்சு. அதுலயே 400 முடிஞ்சது.

லாரிக்காரர்: பொழைப்பைப் பாரு! விரதம் பிடிச்சவன் நாயத்துக்கு அளவே இல்ல. இப்பத்தான் வாரத்துக்கு ஒருக்கா ஊசி வந்திருச்சாமே? போட்டாப் பசிக்காதாமே?

எடைக்காரர்: 2025 மார்ச்சுல இருந்து நம்ம நாட்டுல விக்குதுங். டாக்டரு பாத்துக் குடுத்தாப் போட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா நிறுத்துனா எடை பெரும்பாலும் திரும்பி வந்துருது. வாரா வாரம் சுங்கச்சாவடில காசு கட்டற மாதிரி. நீங்க ஃபாஸ்டேக்குக்கே அழுவீங்க.

லாரிக்காரர்: சர்க்கரைக்குத்தான் மாத்திரை போடறேன். வந்து நாலு வருசம் ஆச்சு. இனி வந்தது போகுமா?

எடைக்காரர்: போன ஆளுங்க இருக்காங்க. பிரிட்டன்ல சர்க்கரை வந்து ஆறு வருசத்துக்குள்ள இருந்தவங்களைப் பிடிச்சு, சாப்பாட்டைச் சுருக்கி எடையைக் கொறைக்க வெச்சாங்க. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாத்திரையே இல்லாம சர்க்கரை அடங்கிப் போச்சு. 2017-ல வந்த ஆராய்ச்சிங். 15 கிலோவுக்கு மேல எறக்குனவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல.

லாரிக்காரர்: எனக்கும் ஒரு டாக்டர் சொன்னாருடா. நம்ம சென்னையிலயே ராமச்சந்திரன்னு ஒரு பெரிய டாக்டர் 2006-ல பண்ண ஆராய்ச்சில, எடை பெருசாக் கொறையாமலே சர்க்கரை வர்றது நூத்துக்கு 28 கொறைஞ்சுதாம். எடை கொறையாமலே! அதுக்கு என்ன சொல்றே?

எடைக்காரர்: நெசந்தானுங். சர்க்கரை வர்ற வாசல்ல நின்னவங்களை நடக்கச் சொல்லி, சாப்பாட்டைத் திருத்தி வெச்சாங்க. எடை அசையலை, இருந்தாலும் பலன் கெடைச்சுது.

லாரிக்காரர்: அப்படிப் போடு!

எடைக்காரர்: நடந்தாங்க மாமா. நீங்க பாதியத்தான் படிச்சிருக்கீங்க.

லாரிக்காரர்: ...

எடைக்காரர்: உங்க தம்பி கோழிப்பண்ணைல ஒரு முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் வெக்கறாரு?

லாரிக்காரர்: 110 கிராம். ஒரு பிடி எச்சா வெச்சாலும் கொழுத்துப் போயிரும். அப்புறம் முட்டை வைக்காது, வெயில் காலத்துல பொத்து பொத்துன்னு விழும். நான்தான் அவனுக்கே சொல்லிக் குடுத்தேன்.

எடைக்காரர்: 110 கிராம் கணக்கு உங்களுக்கு நல்லாத் தெரியுது.

(டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஏறுகிறார். லாரிக்காரர் கேபின் படியில் காலை வைக்கிறார், இறக்குகிறார், மறுபடி வைக்கிறார். செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. குனிந்து எடுக்கப் பார்க்கிறார். எடுத்துக் கொடுப்பது டிரைவர்.)

லாரிக்காரர்: டேய் மாப்ளே, என்னைய வெச்சு 28,520-ன்னு சீட்டுப் போட்டுறாதே. சரக்கு எடைய மட்டும் போடு.

எடைக்காரர்: வண்டிக்குத் தனியாப் போட்டுட்டேனுங். உங்களுக்கும் ஒரு சீட்டு தொறந்து வெச்சிருக்கேன். லோடு எடை 110-ன்னு ஏறியிருச்சு. காலி எடை போடறதுக்கு, எறக்கிட்டு நீங்கதான் திரும்பி வரோணும்.

லாரிக்காரர்: எத்தனை நாளு சீட்டு செல்லும்?

எடைக்காரர்: தேதி முடியாதுங். காலி எடை போடற வரைக்கும் கம்ப்யூட்டர்ல பெண்டிங்குனே காட்டும். வண்டி நம்பர் கேட்டுச்சு, 'மாமா'ன்னு அடிச்சிருக்கேன்.