சமாதானத்துக்கு முன்அனுபவம் தேவை

உலகத்தில் சமாதானம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி. சமாதானத்தைப் படித்தே தேறிவிடலாம். ரோட்டரி அறக்கட்டளை ஆண்டுதோறும் 130 பேர் வரை தேர்ந்தெடுத்து, அமைதியும் மோதல் தீர்வும் படிக்க அனுப்பிவைக்கிறது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, போகவர விமானச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதுகலைக்கு 50 இடம், சான்றிதழ்ப் படிப்புக்கு 80 இடம். இளங்கலைப் பட்டம் வேண்டும். நல்ல ஆங்கிலம் வேண்டும். முதுகலை என்றால் மூன்று ஆண்டு, சான்றிதழ் என்றால் ஐந்து ஆண்டு, துறை சார்ந்த முன்அனுபவமும் வேண்டும்.

குண்டு விழுந்த வீட்டில் மூன்று ஆண்டு உயிரோடு இருந்ததை அனுபவமாக எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அனுபவச் சான்றிதழில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டுமே. இரண்டாவது குண்டு அவர் அலுவலகத்தின் மேல் அல்லவா விழுந்தது.

முதல் தொகுதி மாணவர்கள் 2002-இல் போனார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, டோக்கியோவின் சர்வதேசக் கிறித்தவப் பல்கலைக்கழகம், அமெரிக்காவில் வட கரோலினாவின் டியூக்கும் சேப்பல் ஹில்லும் என்று அமைதி மையங்கள் அமைந்தன. பிறகு பாங்காக்கின் சூலலாங்கோர்ன், சுவீடனின் உப்சாலா, உகாண்டாவின் மக்கெரேரே. இடம் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள். வட கரோலினாவில் அமைதி வகுப்பிலிருந்து கார் எடுத்தால், கொஞ்ச நேரத்தில் ஃபோர்ட் பிராக் வந்துவிடும். அமெரிக்க வான்குடைப் படைக்கும் சிறப்புப் படைக்கும் தாய்வீடு அது. அங்கே ஆள் எடுப்பது ஆண்டுக்கு 130 பேரோடு நிற்பதில்லை.

பாங்காக் இன்னும் விசேஷம். 2014 மே மாதம் தாய்லாந்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அரசியல் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டது. தனக்கு அது வைத்துக்கொண்ட பெயர், அமைதிக்கும் ஒழுங்குக்குமான தேசிய மன்றம். அதே ஊரில்தான் அமைதி மையமும் இருந்தது. அமைதியைத் தெருவில் கேட்டவன் ராணுவ முகாமுக்குப் போனான், வகுப்பில் கேட்டவன் சான்றிதழோடு வீட்டுக்குப் போனான். சிரமமே இல்லாமல் இரண்டு அமைதிகளும் ஒரே நகரத்தில் குடித்தனம் நடத்தின.

மக்கெரேரே இருக்கும் கம்பாலாவிலும் பிற ஊர்களிலும் 2020 நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளர் பாபி வைனைக் கைது செய்ததற்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாதுகாப்புப் படை சுட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1986-இலிருந்து நாற்காலியை விட்டு எழாத அதிபர் முசெவெனி அடுத்த தேர்தலிலும் வென்றார். மோதல் தீர்வு என்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவனைத் தீர்த்துவிட்டால் மோதல் தானே தீர்ந்துவிடும்.

உப்சாலாவைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். உலகத்துச் சண்டைகளை எண்ணிக் கணக்கு வைக்கும் புகழ்பெற்ற திட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர்கள் அளவுகோலின்படி, ஓர் ஆண்டில் மோதலில் 25 பேராவது சாக வேண்டும். அப்போதுதான் அது ஆயுத மோதல். ஆயிரத்தைத் தொட்டால் போர். ஆய்வாளர்களுக்கு எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனாலும் இருபத்து நான்காவது ஆளாகச் செத்தவனின் மனைவியை நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஊரில் இன்னும் ஒருவன் செத்திருந்தால் அவள் புருஷனும் அட்டவணையில் ஏறியிருப்பான்.

எண்ணுவதற்கு வேண்டிய சரக்கையும் சுவீடனே ஏற்றுமதி செய்கிறது. போஃபர்ஸ் பீரங்கி எந்த ஊர்ச் சரக்கு என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1986-இல் 410 பீரங்கி வாங்கினோம், அதில் ஓர் ஆட்சியே ஆட்டம் கண்டது. அதே சுவீடன், இருநூறு ஆண்டு கட்டிக்காத்த நடுநிலையை மூட்டை கட்டிவைத்துவிட்டு 2024 மார்ச்சில் நேட்டோவில் சேர்ந்துகொண்டது.

முதல் தொகுதி வகுப்புக்குப் போன அதே 2002-இல், பிப்ரவரி 22 அன்று, இலங்கையில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வந்து இறங்கினார்கள். கொழும்பு ஓட்டல்களில் மோதல் தீர்வுப் பட்டறைகள் அமோகமாக நடந்தன. 2008 ஜனவரியில் கண்காணிப்பாளர்கள் பெட்டி கட்டினார்கள். அடுத்த ஆண்டு முள்ளிவாய்க்கால். செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம், அதை மறுக்க முடியாது என்று ஐ.நா. வல்லுநர் குழு சொன்னது 2011-இல். செத்துக்கொண்டிருந்தபோதே கையில் இருந்த எண்ணிக்கையை வெளியே சொல்லாமல் ஐ.நா. அமுக்கி வைத்தது என்று அதன் சொந்த விசாரணை ஒப்புக்கொண்டது 2012-இல். எண்ணத் தெரியாமல் இல்லை ஐயா. யார் கொன்றார்கள் என்று உரக்கச் சொன்னால் கூட்டத்தின் நாகரிகம் கெட்டுவிடுமே என்றுதான்.

ரோட்டரியின் இலக்கணமும் அதுதான். அரசியல் பேசக்கூடாது, கட்சி சேரக்கூடாது. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருவருக்கும் நட்பு வளருமா என்று கேட்க வேண்டும். இந்த இலக்கணம் சொந்த வீட்டில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1933-இல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியின் ரோட்டரி சங்கங்கள் பல, யூத உறுப்பினர்களை வெளியேற்றின. மியூனிக் சங்கம், நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் தாமஸ் மன்னையே பட்டியலிலிருந்து அடித்தது. அமெரிக்கத் தலைமையகம் அந்தச் சங்கங்களின் அங்கீகாரத்தைப் பறித்ததா? இல்லை. 1937-இல் நாஜிகளின் நெருக்குதலில் தாங்களாகக் கலையும்வரை அவை ரோட்டரி சங்கங்களாகவே இருந்தன. அங்கீகாரம் பறிபோனது வேறொரு சங்கத்துக்கு. கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிற்றூரில் 1977-இல் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள். யூதரை வெளியேற்றியபோது வராத கோபம், பெண்ணை உள்ளே விட்டபோது வந்தது. 1978-இல் சங்கத்தையே நீக்கினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1987-இல் ரோட்டரி தோற்ற பிறகு, 1989-இல்தான் உலகமெங்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது. மூன்று பெண்களுக்கு நாற்காலி போட வேண்டிய ஒரு மோதலைத் தீர்க்கப் பன்னிரண்டு ஆண்டும் ஓர் உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டவர்கள்தான், பத்தே ஆண்டு கழித்து, உலகத்துக்கு மோதல் தீர்வு கற்பிக்கத் திட்டம் போட்டார்கள்.

போலியோவை மறந்துவிட்டுப் பேசுகிறாயே என்பீர்கள். மறக்கவில்லை. 1985-இலிருந்து அவர்கள் செய்தது பெரிய வேலை. நம் நாடு 2014-இல் போலியோ இல்லாத நாடானதில் அவர்களுக்கு நேர்மையான பங்கு உண்டு. ஏன் முடிந்தது என்றும் யோசிக்க வேண்டாமா? அங்கே எதிரியைப் பெயர் சொல்லி அடித்தார்கள். போலியோ கிருமிக்கும் குழந்தைக்கும் நடுவில் நாற்காலி போடவில்லை. கிருமியின் தரப்பு நியாயத்தைக் கேட்கப் பட்டறை நடத்தவில்லை. அந்தக் கிருமிக்குச் சாதிச் சங்கமும் கிடையாது, ஆயுதத் தொழிற்சாலையும் கிடையாது, நன்கொடை தரும் வழக்கமும் கிடையாது.

இவை எல்லாம் இருக்கிற எதிரியை நம் ஊரில் பாருங்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் வேலி போட்டு அடைத்திருந்தார்கள். உப்சாலா கணக்கில் இது வராது. செத்தவர் ஒருவர், அவரும் மோதலில் சாகவில்லை. அதிகாரிகள் கண்ட மோதல் தீர்வு என்ன தெரியுமா? வேலியைப் பிடுங்குவதற்குப் பதிலாக, வேறு இடத்தில் தலித்துகளுக்குத் தனிச் சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றமே, அரசு சாதிப் பிரிவினையை வளர்க்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. முதுகலைப் பட்டம் இல்லாமலே இவ்வளவு சமாதானம் செய்கிற தாலுகா ஆபீஸ் நம்முடையது.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ரோட்டரி சங்கங்கள் எரிவாயு தகன மேடைகளை நடத்துகின்றன. எல்லாச் சாதிப் பிணமும் ஒரே மேடையில் எரிகிறது. இந்த மண்ணில் அவர்கள் செய்த உண்மையான அமைதிப் பணி இதுதான் என்பேன். ஆனால் அதைச் சமாதானக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. பிணம் எரிக்கிறவருக்கு உதவித்தொகையும் கிடையாது, அவர் விண்ணப்பிக்கலாமென்றால் ஆங்கிலம் இடிக்கும்.

சரி, இந்தப் படிப்புக்கு நம் பக்கத்திலிருந்து யாரை அனுப்பலாம்? சுடுகாட்டு வழிக்கு வேலி போட்ட பண்ணையார். விடுதிக் கதவைப் பூட்டிவைத்துப் பெண்களை நூற்பு வேலைக்கு இறக்கும் மில் முதலாளி. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் கல்லூரித் தாளாளர். மாப்பிள்ளை வெட்டப்பட்ட மறுநாள் பெண்ணின் அப்பனுக்கு வக்கீல் பிடித்துக் கொடுக்கும் சாதிச் சங்கப் புரவலர். இவர்களுக்கு இருப்பது மூன்று ஆண்டு அனுபவமா, முப்பது ஆண்டு. பட்டம் உண்டு, ஆங்கிலம் உண்டு, பாஸ்போர்ட் உண்டு, தலைமைப் பண்பு ஏராளம். ஊரில் மோதல் எங்கே தொடங்குகிறது என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை, தொடங்குவதே அவர்கள்தானே.

விண்ணப்பம் தயாராகிவிட்டது. ஒரே ஒரு விதிதான் குறுக்கே நிற்கிறது. ரோட்டரி உறுப்பினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாதாம்.