முதல் வடையும் முதற்பிரதியும்

இணையம் வந்தால் உலகமே ஒரு கிராமமாகிவிடும் என்று கருத்தரங்குகளில் பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. உலகம் கிராமமானதோ இல்லையோ, இலங்கையின் கிழக்குக் கரையில் நிந்தவூர் போன்ற ஊர்களில் ஒருவர் அந்தப் பேச்சைத் தலைகீழாக நிறைவேற்றிக் காட்டினார். கிராமத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் உலகத்தின் நடுவில் இறக்கிவைத்தார். அவர்தான் ஆரம்ப கால வலைப்பதிவர். அவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஃபிளொப்பி இருக்கும், பின்னாளில் கழுத்தில் பென்டிரைவ் தொங்கும். கையில் ஒரு சிறிய கொப்பி. அதன் முதல் பக்கத்து உச்சியில் 786, அடுத்த பக்கத்திலிருந்து கடவுச்சொற்கள். தொழில் என்று கேட்டால் ஆசிரியர், கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர், இல்லாவிட்டால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருப்பவர். போட்டோகொப்பி, ஃபேக்ஸ், சவூதிக்கு அழைப்பு என எல்லாமே ஒரே அறைக்குள் நடக்கும் கொமியூனிகேஷன் கடையின் மூலைக் கணினிதான் அவருடைய காரியாலயம். வேலை வெட்டி இல்லாதவர் என்று ஊர் இவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பை மேன்முறையீட்டுக்கு எடுக்க வேண்டும். அவர் செய்தது வெட்டி வேலை அல்ல, ஊர் வேலை. சந்தி, தேத்தண்ணிக் கடை, நூல் வெளியீட்டு விழா, மொட்டைக் கடிதம் ஆகிய எல்லாவற்றையும் கம்பி வழியே கடல் கடத்தினார் என்பதுதான் இங்கே நிறுவப்படவேண்டிய வழக்கு.

முதல் சாட்சி, பெயர். இணையத்துக்குப் போனவுடன் மனிதன் தன் ஊரையும் பேரையும் மறைத்துக்கொண்டு புதுப் பிறவி எடுப்பான் என்று மேல்நாட்டு ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். நம்மவர் பேரை வேண்டுமானால் மறைப்பார், ஊரை மறைக்க மாட்டார். மருதமுனையில் மருதூர்க்கொத்தன், பாலமுனையில் பாலமுனை பாறூக், ஒலுவிலில் ஒலுவில் அமுதன் என்று ஊர்ப்பெயரைத் தலையில் சுமந்தே எழுதிப் பழகிய கரை இது. ஒருவர் கவிதை எழுதினால் அது அவர் எழுதியது, நன்றாக இருந்தால் அது ஊர் எழுதியது. பதிவரும் அந்த வழக்கப்படியே வலை முகவரியில் ஊரை முன்னே நிறுத்தினார். அங்கேதான் முதல் இடைஞ்சல். நிந்தவூரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் தபால் கந்தோருக்கும் பாடசாலைப் பெயர்ப்பலகைக்கும் ஒற்றுமை எதிர்பார்க்க முடியாது. தகரத்துக்கு ஒரு சாரார் ஓர் எழுத்து வைப்பார்கள், மறு சாரார் இரண்டு எழுத்து வைப்பார்கள். ஓரெழுத்து முகவரியை யாரோ முந்திப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்த இரவில் பதிவருக்கு வந்த கோபம், வயல் வரம்பைப் பக்கத்துக் காணிக்காரன் வெட்டிவிட்டால் வருகிற கோபத்துக்கு ஒரு துளியும் குறைவில்லை.

இரண்டாவது சாட்சி, எழுத்து. 1990களின் கடைசியில் தமிழைக் கணினியில் எழுதுவது ஒன்றாக இருந்தது, வாசிப்பது வேறொன்றாக இருந்தது. இலங்கையில் பெரும்பாலோர் விரலில் ஏறியது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளைக் குந்தவைத்த ஏற்பாடு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் வாலில் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். உலகத்தோடு பேசப் புறப்பட்டவர் தன் மொழியின் பெயரையே சொல்ல முடியாமல் நின்ற காட்சி அது. 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு டேம், டேப் என்று குறியீட்டு முறைகளை வகுத்தது. உலகத் தமிழர் மின்னஞ்சல் குழுக்களில் திஸ்கி வளர்ந்தது. ஆளுக்கொரு தீர்வு இருந்ததால் எல்லோருக்குமான தீர்வு கிடைக்கவில்லை. யுனிகோட் தமிழுக்கு 1991 முதலே 128 இடங்களை ஒதுக்கிவைத்திருந்தது. ஆனால் காணி உறுதி கையில் இருந்தும் வீடு கட்டிக் குடியேறப் பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளும், ஜேர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்துதந்த எழுத்துரு மாற்றியும் வந்த பிறகுதான் நம்மவர் பாமினியில் அடித்து, வெட்டி, மாற்றியில் ஒட்டி, யுனிகோடாக்கி, மறுபடி வெட்டி, பதிவில் ஒட்டத் தொடங்கினார். ஒரு நாலுவரிக் கவிதைக்கு இத்தனை சடங்கு. நான்கு வரியும் சரியாக வந்துவிட்டால், கவிதை எப்படி இருந்தாலும், அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்லத் தோன்றும்.

இனி, அவர் கண்டுபிடித்தவற்றில் தலையாயது எது என்று பார்த்தால், அது வாசகர் அல்ல, வாசகர் கணிப்பான். பக்கத்தின் அடியில் ஐந்து பூச்சியங்களோடு தொடங்கும் அந்தச் சின்னப் பெட்டியை வைத்த நாளிலிருந்து மனிதரின் நித்திரை போயிற்று. எண் கூடியிருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தைத் திறப்பார். திறந்ததால் எண் ஒன்று கூடும். கூடிய மகிழ்ச்சியில் இன்னொரு தரம் திறப்பார். அடுத்து வந்தது உலக வரைபடம். யார் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகளைப் படிப்பதிலும் ஒரு சோகம் உண்டு. இலங்கையில் இணையச் சேவை வழங்குநரின் முகவரிகள் பெரும்பாலும் கொழும்பின் பெயரில் பதிவாகியிருந்தன. ஆகவே பக்கத்துத் தெருவில் மச்சான் திறந்து பார்த்தாலும் புள்ளி கொழும்பில் விழும். தலைநகரமே தன்னை வாசிக்கிறது என்று பதிவர் நம்பினார். அமெரிக்காவின் மவுண்டன் வியூ என்ற ஊரிலிருந்து யாரோ அடிக்கடி வந்துபோவதாகவும் சில கணிப்பான்கள் காட்டின. அங்கே யாரோ புலம்பெயர்ந்த உறவுக்காரர் இருக்கிறார் என்று முடிவுகட்டி அவருக்கு ஸலாம் சொல்லிப் பதிவு போடலாம். மவுண்டன் வியூ கூகுளின் தலைமையகம் இருக்கும் ஊர் என்பதும், வந்துபோனது தேடுபொறியின் தானியங்கியாக இருக்கலாம் என்பதும் தெரியாதவரைக்கும் அந்த உறவு இனிமையானது.

வழக்கின் மையச் சாட்சி இதற்குப் பிறகுதான் வருகிறது. கிழக்கில் ஒரு நூல் வெளிவருவது என்றால் எழுதினால் மட்டும் போதாது. அச்சுக்கூலி தேட வேண்டும், மண்டபம் பிடிக்க வேண்டும், பிரதம அதிதிக்கு நாள் ஒத்துவர வேண்டும், கிராஅத்தில் தொடங்கி நன்றியுரை வரை நிரல் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள ஊர்ப் பிரமுகர் ஒருவர் மனம் வைக்க வேண்டும். முதற்பிரதி பெறுபவர் நூலை வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உறையின் கனம்தான் கணக்கு. இந்தச் சிக்கலையெல்லாம் வெட்டி எறிந்து, பொத்தானை அமுக்கினால் நூல் வெளியாகும் என்று வலைப்பதிவு சொன்னபோது நம்மவர் விடுதலை அடைந்தார். விடுதலை நீண்ட நாள் நிலைக்கவில்லை. பதிவு போட்ட மறுகணம் ஒருவர் ஓடிவந்து ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று பின்னூட்டம் இட்டார். பின்பு வடிவேலுவின் நகைச்சுவை புகுந்து, முதலில் வருபவருக்கு வடை என்று வழக்காயிற்று. ‘வடை எனக்கே’ என்பவர் பதிவை வாசித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கும் இல்லை. முதற்பிரதிப் பிரமுகர் கோட்டைக் கழற்றிவிட்டு வடையோடு திரும்பி வந்திருந்தார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ‘அருமை’ வாழ்த்துரை வழங்கியது, ‘தொடருங்கள்’ நன்றியுரை வழங்கியது.

மீதி ஊரும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி பதிவர்களுக்குச் சந்தியாயிற்று. யார் புதிதாக என்ன எழுதினார், யாரைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது என்பதைத் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் குந்தியிருந்து பார்ப்பதுபோல அங்கே பார்க்கலாம். பெருநாளைக்குப் பலகாரத் தட்டு அனுப்பினால் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை என்ற நியதி பின்னூட்டத்துக்கும் பொருந்தியது. என் பதிவுக்கு நீங்கள் வந்தால் உங்கள் பதிவுக்கு நான் வருவேன், தட்டில் என்ன வைத்தீர்கள் என்பதற்கேற்ப நானும் வைப்பேன். அநாமதேயப் பின்னூட்டக்காரரைத் தமிழ்ப் பதிவுலகம் ‘அனானி’ என்று செல்லமாக அழைத்தது. அவர் வேறு யாருமல்ல, பாடசாலை அதிபருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் முகவரியில்லாமல் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நம்முடைய பழைய மொட்டைக் கடிதக்காரர். முத்திரைச் செலவு மிச்சமான மகிழ்ச்சி அவருடைய நடையில் தெரிந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இதெல்லாம் தற்பெருமைதானே, ஐம்பதாவது பதிவுக்கும் நூறாவது பதிவுக்கும் தனக்குத் தானே விழா எடுப்பவர் எந்த ஊருக்காக எழுதினார் என்று கேட்கலாம். தற்பெருமை இருந்தது உண்மை. யாரும் எதிர்பார்க்காத பதிவு தாமதமானதற்கு யாரும் கேட்காமலே மன்னிப்புக் கேட்கும் கலையும் அவருடையதுதான். ஆனால் தற்பெருமை எதைக் கொண்டுவந்து காட்டியது என்று பார்க்க வேண்டும். 1997இல் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் ‘வெப்லாக்’ என்ற சொல்லை உருவாக்கியபோது அது இணையத்தில் அலைந்து கண்டவற்றின் குறிப்பேடு. வெளியே போய்ப் பொறுக்கி வந்து வீட்டில் அடுக்கும் வேலை. நம்மவர் செய்தது மறுவேலை. வீட்டில் இருந்ததை வெளியே எடுத்துவைத்தார். கரைவலை இழுக்கும் விடிகாலை, சூடடிக்கும் களம், மருதமுனைத் தறியின் ஓசை, சாய்ந்தமருதுத் தோணா பற்றிய ஓயாத முறைப்பாடு ஆகியவை வேறு எவருடைய குறிப்பேட்டிலும் ஏற வாய்ப்பில்லாதவை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உலகச் செய்திகளில் கல்முனை ஒரு புள்ளியாக வந்துபோனது. அந்தப் புள்ளிக்குள் எத்தனை ஊர், எந்த ஊரில் எந்தத் தெரு என்று சொல்லத் தெரிந்தவர் அந்தத் தெருக்காரர்தான். தற்பெருமைக்காரருக்கு அதற்கு முன்பே தன் தெருவைப் பற்றிப் பேசும் பழக்கம் இருந்தது.

சரி, ஊர்க்கதையை ஊர்ச் சந்தியிலேயே பேசலாமே, அதற்கு எதற்கு இணையம் என்பது அடுத்த ஆட்சேபம். இது பலமானது. பதில் மூன்று. ஒன்று, சந்தியில் பேச வேண்டிய பாதிப்பேர் ஊரில் இல்லை. கட்டாரிலும் சவூதியிலும் டுபாயிலும் இருந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவை 2003இலிருந்து வளர்த்தெடுத்த இ. மயூரநாதனே யாழ்ப்பாணத்தவராக இருந்தும் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்துதான் அதைச் செய்தார் என்பதை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு, தேத்தண்ணிக் கடை வாங்கிலில் பெண்களுக்கு இடமில்லை. புனைபெயரில் வந்து வாதாடும் ஒரு ராத்தாவுக்குப் பின்னூட்டப் பெட்டியில் இடம் இருந்தது. மூன்று, வாசற்காவல் இல்லை. 1969-70இல் கல்முனையிலிருந்து எம்.ஏ. நுஃமான் ‘கவிஞன்’ இதழைக் கொண்டுவந்தது போன்ற முயற்சிகள் எப்போதாவது ஒரு தரம்தான் நடக்கும். மற்றப்படி தினகரனுக்கோ வீரகேசரிக்கோ கவிதை அனுப்பிவிட்டு ஞாயிறுகளை எண்ணிக்கொண்டிருப்பதே இளம் எழுத்தாளரின் விதி. பதிவர் அந்த ஞாயிறை ஒழித்தார்.

இதையெல்லாம் இப்போது முகநூல் இன்னும் இலேசாகச் செய்கிறதே என்ற கடைசி ஆட்சேபத்துக்கு அவர் சார்பில் பெருமையாக ஒரு பதில் சொல்லலாம். பதிவின் ஓரத்தில் ஆண்டும் மாதமுமாக அடுக்கிய பட்டியல் இருக்கும், 2006 மார்ச்சில் என்ன எழுதினார் என்று ஒரே தட்டலில் போகலாம். முகநூலில் நேற்றைய சண்டையைத் தேடுவதே ஒரு சண்டை. ஆனால் நேர்மையாகச் சொன்னால் இந்த இடத்தில்தான் நம் கட்சிக்காரர் தோற்கிறார். இணையத்தில் போட்டது அழியாது என்று அவர் முழுமனதாக நம்பினார். இலட்சக்கணக்கானோர் இலவசமாக வீடு கட்டியிருந்த ஜியோசிட்டீஸை 2009 ஒக்டோபரில் யாகூ மூடிவிட்டது. இலவசக் கணிப்பான்கள் நின்றபோது புள்ளிகளோடு உலக வரைபடமும் போயிற்று. இதற்கிடையில் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம், செல்லரித்த ஈழத்துச் சஞ்சிகைகளையும் நூல்களையும் ஒவ்வொரு பக்கமாக மின்வருடி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கடனுக்கு அச்சடித்து, முதற்பிரதி கொடுத்து, மீதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கிய புத்தகம் இணையத்தில் நிலைக்கிறது. இணையத்திலேயே பிறந்தது, கடவுச்சொல் எழுதிய கொப்பி தொலைந்த அன்றே உரிமையாளர் நுழைய முடியாத வீடாகிறது. பிரமுகரின் உறைக்கு ஒரு பயன் இருந்தது என்பதை இத்தனை காலம் கழித்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு எப்படியானாலும், அப்படிப் பூட்டிக் கிடக்கும் பதிவுகளில் ஒன்றைத் தேடிப்போனால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கடைசிப் பதிவு, நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கிறது. வேலைப்பளு குறைந்துவிட்டது, இனித் தொடர்ந்து எழுதுவேன் என்று வாக்குறுதியும் தருகிறது. ஆண்டு 2011 என்றோ 2012 என்றோ இருக்கும். அதன் கீழே ஒரே ஒரு பின்னூட்டம்: ‘வடை எனக்கே’.