எனக்கு மட்டும் தெரிந்த பாட்டு

சைதாப்பேட்டையில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மின்சார ரயில், பஜார் ரோட்டுக் கூவல், காரணீசுவரர் கோயில் ஒலிபெருக்கி, யாராவது போய்ச் சேர்ந்தால் விடிய விடிய கானா. இத்தனைக்கும் நடுவே ஒரு குடும்பஸ்தன் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தன் பங்குக்கும் சத்தம் போட வேண்டுமா என்பது என் மனைவியின் கேள்வி. அது சத்தமில்லை, சுயாதீன இசை. சினிமாவில் வராத பாட்டு என்று விளக்கினேன். "ஐயோ பாவம், சினிமாக்காரங்க எடுத்துக்கலையா?" என்றார் மாமியார்.

என் வியாதியே அதுதான். யாரும் எடுத்துக்கொள்ளாததுதான் எனக்குப் பிடிக்கும். தமிழ்நாட்டில் ஹீரோ இல்லாத பாட்டு பிழைப்பது கஷ்டம். தலைவர் ஆடாத பாட்டை எஃப்.எம்.காரர் போட மாட்டார், கல்யாண மண்டப மெல்லிசைக் குழு தொடாது. ஆகவே அதைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன். தி எஃப்16ஸ் என்றொரு சென்னை இசைக்குழு, ஆங்கிலத்தில் பாடுவார்கள். பெயரைக் கேட்டதும் மாமியார், "சண்டை வந்துடுச்சா மாப்பிள்ளை?" என்று டிவி செய்தியை வைத்துவிட்டார்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய குழு. மேடையில் 19 பேர். பறையும் கித்தாரும், கானாவும் ராப்பும் ஒன்றாக நின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றிக்கூட ஒரு பாட்டு. சாவு வீட்டில் மட்டும் கேட்டுப் பழகிய தாளத்துக்குக் கூட்டம் எழுந்து ஆடியது. நானும் ஆடினேன். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டதும் அந்த வரலாற்று நிகழ்வில் சேர்த்திதான். தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "19 பேரா? அத்தனை பேருக்கும் டீ யார் போடுறது?"

எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017-ல் கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எனக்கு உயிர். ஒருநாள் அதை உரக்கப் பாடிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். தண்ணீர் மோட்டார் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத கீழ்வீட்டுக்காரர் எதிரே ஏறி வந்தார். பாட்டில் முக்கியமான அந்தச் சொல் சரியாக அவர் முகத்துக்கு நேரே விழுந்தது. இப்போது மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு.

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடியது. ஊரே பாடியது. ஷேர் ஆட்டோவில், செல்போன் ரிங்டோனில், பள்ளி ஆண்டு விழாவில். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்கோ சொத்து பறிபோன மாதிரி இருந்தது. மளிகைக் கடையில் அந்தப் பாட்டு ஓடியபோது பொறுக்க முடியாமல், "இந்த அறிவை 2018-லேயே கீழ்ப்பாக்கம் மேடையில பார்த்தவன் நான்" என்றேன். "சரி சார், பழைய பாக்கி 240 இருக்கு" என்றார் அண்ணாச்சி.

பாட்டாவது பரவாயில்லை, லொள்ளு சபாவால் உறவே கெட்டது. 2000-களின் நடுவில் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய, சினிமாவைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சி. சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர், சேஷு என்று ஒரு கூட்டம். யோகி பாபுவும் அங்கே தலைகாட்டி வந்தவர்தான். பலருக்குப் பெயருக்கு முன்னால் அந்த நிகழ்ச்சியே இனிஷியலாகிவிட்டது. எங்கள் சைதாப்பேட்டை வடகறி எப்படி? வடையை உதிர்த்துப் போட்டு மசாலாவில் புரட்டினால், வடையைவிட வடகறிக்குக் கூட்டம் நிற்கும். பெரிய பெரிய படங்களை அவர்கள் உதிர்த்த விதமும் அதுதான். பட்ஜெட் இல்லாததை ஒளிக்க மாட்டார்கள், அதையே ஜோக்காக்கிவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், பல படங்களுக்கு நான் வடகறியை முதலில் சாப்பிட்டுவிட்டு வடையைப் பிறகு பார்த்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் கண்ணீர்ப் படம். கதாநாயகி சாகக் கிடக்கிறாள். மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார். ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தி அம்மாளும் துடைக்கிறார். எனக்கோ அந்த இடத்தில் மனோகர் காலை உதறிக்கொண்டு கையை வீசி வசனம் பேசுவதுதான் தெரிகிறது. அடக்கிப் பார்த்தேன். தோள் குலுங்கியது. நானும் அழுகிறேன் என்று நினைத்து சம்பந்தி அம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். வாயில் ஊற்றிய நேரம் பார்த்துச் சிரிப்பு வெடித்தது. பாதித் தண்ணீர் அவர் பட்டுப்புடவையில். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் இளகின மனசு" என்று மாமியார் சமாளித்தது இன்றுவரை ஒருவருக்கும் செல்லுபடியாகவில்லை.

சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ 2024-ல் வந்ததை, என் மகள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். மானம் போயிற்று. அன்றிலிருந்து இன்னும் ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தேன். போன வாரம் ஒரு பையன் அகப்பட்டான். வெறும் கித்தார், பின்னால் சீலிங் ஃபேன் சத்தம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தேன். மகள் போனை நோண்டிவிட்டு, "அப்பா, இவரை மாசத்துக்கே மூணு பேர்தான் கேக்குறாங்க. அதுல ஒருத்தர் நீங்க" என்றாள்.

பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மத்த ரெண்டு பேர் நம்பர் கிடைக்குமா பாரு" என்றாள் மனைவி. "அவங்க வீட்ல எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கேக்கணும்."