கல்லானால் மரியாதை

அரியலூர் மாவட்டம் செந்துறையில் முட்டைக்கு இருக்கிற மரியாதை பிள்ளைக்குக் கிடையாது. 2009இல் இந்தப் பக்கம் டைனோசர் முட்டைகளைப் பார்த்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னதும் தொடாதே, எடுக்காதே, காப்பாற்று என்று ஒரே பரபரப்பு. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் குஞ்சு பொரிக்காமல் போன முட்டைகளாம் அவை.

எட்டு வருஷம் கழித்து, அதே செந்துறையை ஒட்டிய குழுமூரில், திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகள் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினாள். உயிரியல் 194. மருத்துவக் கட்-ஆஃப் 196.75. பழைய கணக்குப்படி வெள்ளைக் கோட்டைத் தைக்கவே கொடுத்திருக்கலாம். ஆனால் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 720க்கு 86. அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த பாடப் புத்தகத்தை நம்பிப் படித்ததுதான் அவள் செய்த குற்றம். இந்த ஒரு வருஷம் நீட்டிலிருந்து விலக்கு உண்டு என்று ஆகஸ்டில் டெல்லி அமைச்சர் ஆசை காட்டினார். பத்து நாள்கூட ஆகவில்லை. 22ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் அதே டெல்லி கையை விரித்தது. செப்டம்பர் 1 அன்று அனிதா இல்லை.

அப்புறம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல் பரிசு கண்டுபிடித்தோம்: பி.எஸ்சி. திருச்சியில் கிறிஸ்தவக் கல்லூரிக்கா பஞ்சம்? புனித வளனார், ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர். எல்லாம் நல்ல கல்லூரிகள். செந்துறை பஸ்ஸில் காலையில் ஏறினால் கேட்கலாம்.

"என்னா பாப்பா, டாக்டர் கெடைக்கலியா?"

"இல்லத்த. சுவாலஜி."

"அது என்னா படிப்பு?"

"தவள, மீனு, புழு..."

"ஓ, தவளைக்கு வைத்தியமா!"

அத்தைக்குத் தெரியாது, தவளைக்கு இப்போது வைத்தியமே தேவையில்லை. கல்லூரிகளில் அதை அறுக்கக் கூடாதென்று 2014இல் யூஜிசி சொல்லிவிட்டது. மெழுகுத் தட்டுகள் காய்ந்து கிடக்கின்றன. தவளைக்காகப் பரிந்து பேச ஓர் ஆணையம் உள்ள நாடு இது. பிள்ளைகளை அறுக்க மட்டும் வருஷா வருஷம் தேதி குறித்து ஹால் டிக்கெட்டும் கொடுக்கிறார்கள். தோட்டைக் கழற்று என்கிறார்கள். முழுக்கைச் சட்டையா, வாசலிலேயே கத்தரிக்கோல். தவளைக்காவது முதலில் மயக்க மருந்து கொடுத்தோம்.

உயிரியல் மட்டமான படிப்பில்லை. ஓர் ஆயுளைக் கொடுக்கலாம் அதற்கு. அதைத் தோற்றவர்கள் தங்கும் சத்திரமாக ஆக்கினோமே, அதுதான் அயோக்கியத்தனம்.

வேலூர் சி.எம்.சி.யும் கிறிஸ்தவர்கள் நடத்துவதுதான். 1918இலேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியவர் ஐடா ஸ்கடர். கிராமத்துக்குப் போய் வேலை செய்கிற மனசு இருக்கிறதா என்று பார்த்துப் பிள்ளைகளை எடுத்த கல்லூரி. 2017இல் நீட் கட்டாயம் என்றதும், 100 எம்.பி.பி.எஸ். இடத்தில் 99ஐக் காலியாகவே விட்டார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சிறுபான்மைக் கல்லூரிக்கும் அதே தராசுதான். மனசை நிறுக்கிற தராசை எடைக்குப் போட்டாயிற்று.

சென்னை மட்டும் சளைத்ததா? ஆட்சிக்கு வந்தால் நீட் ரத்து என்று ஓட்டு வாங்கினார்கள். 2021இல் மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022இல் மறுபடி அதே மசோதா. 2025 ஏப்ரலில் ஒப்புதல் மறுக்கப்பட்டதாகப் பேரவையில் அறிவிப்பு. நடுவில், 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அனிதா பெயரைச் சூட்டினார்கள். ஆக, பெயருக்குச் சீட் கிடைத்துவிட்டது. பெயர் நீட் எழுத வேண்டியதில்லை பாருங்கள்.

திருச்சியில் ஏதோ ஒரு வகுப்பறையில் இன்று புதைபடிவப் பாடம் நடந்துகொண்டிருக்கும். உயிர் கல்லாக மூன்று வேண்டும் என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதுவார்: சீக்கிரம் மூட வேண்டும், மேலே பாரம் ஏற வேண்டும், காலம் கடக்க வேண்டும். மூடுவதற்குக் கோர்ட்டு இருக்கிறது. பாரம் ஏற்ற டெல்லி இருக்கிறது. காலம் கடத்துவதில் சென்னையை மிஞ்ச ஆளில்லை.

கடைசி பெஞ்சில் செந்துறைப் பிள்ளை நோட்டை மூடி வைத்திருக்கிறது. ஊரில் பார்த்ததை எதற்கு எழுதிக்கொள்ள வேண்டும்?