வலை ஒன்று, காவலர் இருவர்

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் முதல் கோல்கீப்பர் இடத்துக்கு இருவர் போட்டி போட்டால் ஆட்டம் மெருகேறுமா, மனம் நொறுங்குமா?

பதில்: இரண்டும் நடக்கும், சில சமயம் ஒரே ஆளுக்கு! மற்ற ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி இறங்குவார்கள். கோல்கீப்பருக்கு அந்தப் பங்கீடே கிடையாது. ஒருவர் வலையில் நின்றால், மற்றவர் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்ச் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியின் கோல்கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியைப் பாருங்கள். 2009-ல் வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் (NHL) ஸ்டான்லி கோப்பையை வென்று தந்தவர். 2016-ல் தலையில் அடிபட்டு ஒதுங்கியபோது, 21 வயது மேட் மர்ரி உள்ளே வந்தார், கோப்பையும் வந்தது. அடுத்த ஆண்டு ப்ளே-ஆஃப் முதல் ஆட்டத்துக்கு முன், வார்ம்-அப்பில் மர்ரிக்குக் காயம். அவசரமாக இறங்கிய ஃப்ளூரி இரண்டு சுற்றுகளைக் கரையேற்றினார். வாஷிங்டனுடனான 7-வது ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. அப்புறம் ஒட்டாவாவுடனான ஓர் ஆட்டத்தில் முதல் பீரியடிலேயே 4 கோல்கள் விழ, பயிற்சியாளர் அவரை எடுத்துவிட்டு, காயம் ஆறிய மர்ரியை இறக்கிவிட்டார். பார்த்தவர்களுக்கே வயிறு கலங்கியது!

'தவறினால் தூக்கிவிடுவார்கள்' என்ற பயத்தில் கோல்கீப்பர் பக் எனும் ரப்பர் வட்டை விட்டுவிட்டு பெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தால் தொலைந்தது. ஃப்ளூரி பயத்தையும் வெல்லவிட்டதில்லை, பொறாமையையும் அண்டவிட்டதில்லை. 2017-ல் அணி மீண்டும் வென்ற கோப்பையை மர்ரியின் கையில் கொடுத்தவரே அவர்தான். அந்த மனசுக்கு ஒரு சலாம்!

பிறகு வேகாஸ் அணிக்குப் போனார். அங்கும் ராபின் லேனர் என்ற கோல்கீப்பருடன் இடப்போட்டி. 2021-ல், 36 வயதில், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை முதன்முறையாக வாங்கினார்.